நாளுக்கு ஒரு டைல்ஸ்

தட்டு காலியாகியிருந்தது. ஆனால் வைத்த இடத்தைவிட்டு இம்மியும் நகர்ந்திருக்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். நாய் தின்ற தட்டு இப்படியா இருக்கும்? நாக்கால் துழாவித் துழாவி, தரையோடு தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டவிட்டு, சுற்றிலும் எச்சிலும் சிதறலுமாக அடித்துப்போட்டிருக்க வேண்டாமா? இந்த எவர்சில்வர் தட்டோ குளியலறை வாசலுக்கு நேரே, ஏழாவது டைல்ஸின் நட்டநடுவில், வைத்தது வைத்தபடி இருந்தது. வேகவைத்த கோழித்துண்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை.

இருந்தால் என்ன, தின்றதே! ஐந்து நாளாகத் தொடாத சாப்பாடு. அந்தச் சந்தோஷத்தில் தட்டு நகராத சமாச்சாரம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. படுக்கையறை இருட்டைப் பார்த்து, "சபாஷ்டி என் தங்கம்," என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மிரளி என்று பெயர் வைத்தவள் அவள்தான். காப்பகத்துச் சீட்டில் வெறும் எண்தான் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறம், பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு காது எப்போதும் மடிந்தே கிடக்கும். யார் கையைத் தூக்கினாலும் நின்ற இடத்திலேயே நனைத்துவிடும். குரைத்ததே கிடையாதாம். காப்பகத்திலிருந்து வந்த பயிற்சிக்காரர் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடை வழியாகப் போனார். குளியலறைக்கு மேலிருந்த பரணுக்கு நேர் கீழே வந்ததும் உள்ளே இருந்தது உதறிப் போட்டு அவர் சட்டையெல்லாம் நனைத்துவிட்டது.

"பாத்தீங்களா, இதான் இதோட லட்சணம்," என்று சட்டையைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கே கேட்கிற தொண்டை அந்த மனிதருக்கு. "இதுவரைக்கும் ரெண்டு வீட்டுலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை வந்தா வெச்சுக்க எங்களுக்கு இடமில்ல. டாக்டர் ஊசிதான்."

"ஊசின்னா?"

"ஊசின்னா ஊசிதான்மா. பதினஞ்சாவது நாள் காலைல பத்து மணிக்கு நான் வருவேன். உங்க கையிலேர்ந்து எடுத்துத் தின்னா நாய் உங்களுது. இல்லேன்னா கூண்டுல ஏத்திக்குவேன்."

முறையையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்கவே கூடாது, கண்ணுக்குக் கண் பார்த்தால் அதற்கு அது சண்டை. அவள் ஹாலில்தான் படுக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே தள்ளிவிட வேண்டும், சாப்பாடு அந்தத் தட்டில் மட்டும்தான். படுக்கையறை வாசலிலிருந்து ஹால்வரை நடையில் பன்னிரண்டு டைல்ஸ். முதல் நாள் தட்டு பன்னிரண்டாவதில், கட்டில் பக்கம். மறுநாள் பதினொன்று. அவள் நடைக்கு முதுகைக் காட்டி, ஹால் தரையில் உட்கார வேண்டும். தரையை இரண்டு தட்டு தட்டிக் கூப்பிட வேண்டும். இருபது நிமிஷம், போனில் அலாரம் அடிக்கும்வரை, திரும்பவே கூடாது.

"ஒரு நாளைக்கு ஒரு டைல்ஸ்தான். ஆசைப்பட்டு ரெண்டா நகத்திடாதீங்க. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க. ஒரே ஒரு தடவை திரும்பினீங்கன்னா அத்தனையும் போச்சு, பழையபடி முதல்லேர்ந்து."

அவளுக்குப் பொறுமை புதிதல்ல. பல் லேபில் வேலை. பன்னிரண்டு வருஷமாக, பார்த்தேயிராத மனிதர்களின் வாய் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, செட் செய்து கொடுக்கிறவள். அச்சைப் பார்த்தே ஆளின் வயசையும் கன்னத்தின் குழியையும் சொல்லிவிடுவாள். அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர்கள் யாரும் அவளை வந்து பார்த்ததில்லை. அவளுக்கும் யாரையும் பார்க்கப் பிடிக்காது. மனிதர்கள் என்றாலே ஏதாவது ஒரு குறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

எட்டாம் நாள் அப்படித்தான் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். லேபிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை அவள்.

"இந்தாம்மா, நாய் வளக்குறீங்க சரி. நீங்க வேலைக்குப் போனதும் நாள் பூரா மேல தொம்மு தொம்முன்னு நடக்குது. மதியம் கண்ணசர முடியல."

"நடக்குதா?" அவள் முகம் மலர்ந்ததை அவர் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"சிரிக்கிறீங்க! எவ்வளவு பெரிய நாய்மா அது? எங்க ஃபேன் ஆடுது!"

"பூனையாட்டம்தான் இருக்கும் சார்."

"பூனையாம் பூனை. காது குத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க." அவர் கதவை அறையாத குறையாக இறங்கிப் போனார். ஒழியட்டும் என்று நினைத்தாள். மிரளி கட்டிலை விட்டு வெளியே வருகிறது! ஆள் இல்லாத வீட்டில் தைரியமாக உலாத்துகிறது! அன்றைக்குத் தட்டில் இரண்டு துண்டு அதிகமாகவே வைத்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் தெருவில் வெளிச்சம் சட்டென்று வடிந்துவிடும். எதிர்வீட்டுச் சுவர் உயரம். ஹால் விளக்கு மட்டும் நடைக்குள் பாதிதூரம் போய்க் குளியலறை வாசலோடு நின்றுவிடும், அதற்கப்பால் எல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருப்பாள். ஃபிரிட்ஜ் முனகும். குழாயில் தண்ணீர் ஏறும். கீழ்வீட்டில் குக்கர் சீறும். இதெல்லாம் ஓய்ந்த ஏதோ ஒரு இடைவெளியில், முதலில் பலகை நெறிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வெகுநேரம் எதுவுமே இல்லாமல், பிறகு தரையில் மெத்தென்று எதையோ ஊன்றி ஊன்றி எடுக்கிற சத்தம், பிறகு மூச்சு. மூச்சோடு ஒரு வாசனையும் வரும், வருஷக்கணக்காகத் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அது. குளிப்பாட்ட வேண்டும் இந்தக் கழுதையை என்று நினைத்துக்கொள்வாள். "வா செல்லம். ஒண்ணும் இல்ல. வா," என்பாள். அவளுக்கே அடையாளம் தெரியாத குரல் அது. புருஷனிடம்கூட அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

பத்தாம் நாள் அவள் தரையை இரண்டு தட்டு தட்டினாள். பின்னாலிருந்து, மூன்று டைல்ஸ் தள்ளி, இரண்டு தட்டு பதிலாக வந்தது.

டொக். டொக்.

வால்! வாலை ஆட்டுகிறது! அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று கழுத்து துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலாரம் அடித்துத் திரும்பியபோது தட்டு காலி. நடையும் காலி. பரண் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் தன் பழைய சாமானைப் போட்டு வைத்து, திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்த பரண். காற்றுக்குத் திறந்திருக்கும். முக்காலி போட்டு ஏறி அழுத்தி மூடினாள்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"என்னடி, இன்னும் அந்த நாயைக் கட்டிக்கிட்டுதான் அழறியா?"

"முதுகுக்குப் பின்னாடியே வந்து சாப்பிடுதுக்கா. நாளைக்குக் கையில குடுக்கப் போறேன்."

"ஆமா, புருஷனையே கையில வெச்சுக்கத் தெரியல, நாய் வந்துடப்போகுது."

"வைக்கிறேன்."

"நில்லுடி, நல்லதுக்குத்தானே சொல்றேன்..."

போனை சோபாவில் வீசினாள். நல்லதுக்குச் சொல்கிறவர்களை எல்லாம் ஒரு கூண்டில் அடைத்துப் பூட்ட வேண்டும். வரும், வரத்தான் போகிறது. அந்த ஊசி மிரளி மேல் படாது. அந்த ஒன்றாவது இந்த வீட்டில் தோற்காமல் நடக்கும்.

ஆனாலும் இரண்டு விஷயம் அவளை அரித்தது. படுக்கையறை மூலையில் விரித்த செய்தித்தாளில் ஈரம் மட்டும்தான் இருந்தது, வேறு ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளும்போது ஓரக்கண்ணில் பட்ட உடம்பு, வந்த அன்றைக்குப் பார்த்ததைவிடப் பாதியாக இருந்தது. பயிற்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தட்டு காலியாகுதில்ல?"

"ஆகுது. பளிச்சுனு."

"அப்புறம் என்ன? பயந்த நாய்க்கு உடம்பு பிடிக்காது. பூச்சி இருக்கும். எட்டிப் பாத்துக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

பதின்மூன்றாம் நாள் தட்டே வைக்கவில்லை. கோழித்துண்டை உள்ளங்கையில் வைத்து, கையை முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டொக், டொக் என்று தட்டினாள். பலகை நெறிந்தது. ஊன்றி ஊன்றி வந்தது. மூச்சு அவள் பின்னங்கழுத்தில் பட்டது. உயரத்திலிருந்து பட்டது. எக்கி நிற்கிறது போலிருக்கிறது, பாவம். கையிலிருந்து துண்டு போனது. துண்டு மட்டும் போனது. ஈர மூக்கு இல்லை, மீசை மயிரின் குறுகுறுப்பு இல்லை, நாக்கு இல்லை. ஊசியில் நூல் கோக்கிறவள் எடுக்கிற மாதிரி அத்தனை பதனமாக எடுத்துக்கொண்டது. "சபாஷ்," என்றாள். கைமயிர் ஏன் குத்திட்டு நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சந்தோஷம்தான், வேறென்ன.

பதினான்காம் நாள். விடிந்தால் பரிசோதனை. கடைசி ஒத்திகைக்கு விசேஷமாக இருக்கட்டும் என்று சீஸ் வாங்கி வந்திருந்தாள். கையகலத்துக்குக் கட்டியாக வெட்டி நீட்டினாள். எடுத்துக்கொண்டது. அலாரம் அடித்தது. திரும்பினாள். தரையில் அவளுக்கு ஒரு முழம் பின்னால், பாதிக் கட்டி பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. கடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் வைத்தது போல.

எடுத்துக்கொண்டு சமையலறை விளக்குக்குக் கீழே போனாள். லேபில் அச்சைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தில் கை தானாகத் திருப்பியது.

நாயின் கடியை அவளுக்குத் தெரியாதா? குறுகலான தாடை. முன்னால் ஆறு பொடிப்பல். இரண்டு பக்கமும் கோரைப்பல் இறங்கிய ஆழமான குழி. இதில் குழியே இல்லை. எல்லாம் தட்டைப் பல். பால் பல் மாதிரி சின்னச் சின்னதாக, நெருக்கி நெருக்கி. மனிதக் கடி என்றால் வளைவு இருக்கும். இது வளையவே இல்லை. கட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராகப் போனது.

நானே கடித்துவிட்டு மறந்துவிட்டேனா? பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் மிச்ச சீஸிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒரு கடி கடித்தாள். அவளுடைய இடதுபக்க மேல்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு அப்படியே பதிந்தது. இரண்டையும் மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எண்ணினாள். மனிதருக்கு மேல்வரிசையில் பதினாறு. இதில் இருபத்திரண்டு. கட்டிதான் முடிந்ததே தவிர வரிசை முடியவில்லை.

அவ்வளவு அகல வாய் எந்த முகத்தில் பொருந்தும் என்று அவள் மூளை கேட்காமலே கணக்குப் போடத் தொடங்கியது. அதுதானே அவள் தொழில், வாயை வைத்து முகத்தைக் கட்டுவது. நெற்றிவரை போவதற்குள் தலையை உலுக்கி நிறுத்தினாள்.

அப்படியென்றால்.

அப்படியென்றால் இத்தனை நாளும் மிரளி என்ன தின்றது?

மிச்ச சீஸை அள்ளிக்கொண்டு ஓடினாள். பரணுக்குக் கீழே குனிந்தே ஓடினாள். படுக்கையறைத் தரையில் விழுந்து, பதினான்கு நாளில் முதல்முறையாகக் கட்டிலுக்கு அடியில் முகத்தை நுழைத்தாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எலும்பும் தோலுமாக ஒரு சுருட்டல். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் பெரிதாக இருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே, நடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

"அடிப்பாவி," என்றாள். தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். "பட்டினி போட்டுக் கொன்னுட்டேனே உன்னை!"

சீஸை நீட்டினாள். மிரளி நகர்ந்து நகர்ந்து வந்தது. முகர்ந்தது. பிறகு பாய்ந்து தின்றது. விரல்களோடு சேர்த்துக் கவ்வியது, உள்ளங்கையை நக்கியது. ஈர மூக்கு இருந்தது. மீசையின் குறுகுறுப்பு இருந்தது. சுடுமூச்சு இருந்தது. தின்று முடித்ததும் மடிந்த காதோடு தலையை அவள் கைக்குள் நுழைத்துக்கொண்டது. தானாக. யாரும் தட்டிக் கூப்பிடாமல்.

வந்துவிட்டது! கைக்கு வந்துவிட்டது. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த மனிதர் வரட்டும், பார்க்கட்டும். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இப்படியே வாரிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். படியிறங்கி, கீழ்வீட்டுக்காரர் காலில் விழுந்தாலும் பரவாயில்லை. முன்கதவுக்கு நடை வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

பலகை நெறிந்தது.

மிரளியின் உடம்பு விறைத்தது.

அவள் முழுசாகக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். சுவரோடு ஒட்டினாள். மிரளியை மார்போடு அணைத்தாள். கதவு. கதவைச் சாத்தியிருக்கலாம். தோன்றவே இல்லை. இப்போது எட்டாது.

மெத்தென்று ஊன்றுகிற சத்தம். இங்கே வரவில்லை. ஹால் பக்கம் போனது. அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு சமையலறைக்குப் போனது. பாத்திரம் ஒன்று உரசியது. திரும்பி வந்தது. ஒவ்வொரு டைல்ஸாக. ஏழு. எட்டு. ஒன்பது. ஹால் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து இல்லாமல் போனது, ஜன்னல் வழியாக வந்த மங்கலான தெருவிளக்குதான் மிச்சம். பெட்டி வாசனை அறைக்குள் நிறைந்தது. பத்து. பதினொன்று.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தரையில் எவர்சில்வர் வைக்கிற சத்தம். மெதுவாக. பயந்த பிராணிக்கு அதிராமல் வைக்கிற மாதிரி.

எங்கோ ஹாலில் அவள் போன் அடித்தது. அக்காவாகத்தான் இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது.

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள்.

படுக்கையறை வாசலில், பன்னிரண்டாவது டைல்ஸின் நட்டநடுவில் தட்டு இருந்தது. அதற்கப்பால், நடையின் இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு, ஒரு முதுகு தரையில் உட்கார்ந்திருந்தது. வாசல் நிலையைத் தாண்டித் தலை மேலே போய்விட்டதால் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சாம்பல் நிறம். அசையவில்லை.

தட்டில் ஒரே ஒரு சீஸ் துண்டு. அவள் கடித்தது. பக்கத்துப் பல்மேல் சாய்ந்த இடதுபக்கப் பல்லின் தடம் அவள் பக்கம் பார்த்திருந்தது.

வாசலிலிருந்து கட்டில்வரை எத்தனை டைல்ஸ் என்று அவள் எண்ணினாள். ஆறு.

டொக். டொக்.

"வா செல்லம்," என்றது அது, அவள் குரலில், மிரளிக்கென்று மட்டும் அவள் வைத்திருந்த குரலில். "ஒண்ணும் இல்ல. வா."

அது திரும்பவே இல்லை.